சாவுக்கு அடிச்சா தப்பு, சான்றிதழுக்கு அடிச்சா கலையா?

எங்க தாத்தா தப்படிச்சவர். நான் பரதநாட்டிய டீச்சர். இருபது வருசத்துக்கு மேலா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கடைசி எட்டு வருசமா, பள்ளிகளில் நடனம் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களுக்கே பயிற்சி தருகிறேன். "டீச்சருக்கே டீச்சர்" என்று எங்க அம்மா தெருவில் பெருமை பேசும். அந்தப் பெருமையைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டுத்தான் இதை எழுதுகிறேன், பரிதாபம் தேட அல்ல. நடனத்தைக் கற்பிக்கும் உரிமையில் ஒரு களவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இன்னொரு களவு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. முதலாவது நடந்தபோது நாம் பிறக்கவில்லை. இரண்டாவது நம்ம கண்ணு முன்னாடி, நம்ம கைதட்டலோட நடக்குது.

1994. எனக்கு ஒன்பது வயசு. ஊருக்குள்ள ஒரு பெரிய வீட்டுச் சாவு. சேதி சொல்ல வந்தவனுக்கு இருபது வயசிருக்கும். தெருமுனையில் நின்னுக்கிட்டே தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், "மேளத்தத் தூக்கிட்டு வாடா" என்று. தாத்தாவுக்கு அப்போது அறுபத்தஞ்சு வயசு. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எங்க தெருப் பையன்கள் ஆரம்பித்த மன்றத்தில் அந்த வருசம்தான் தீர்மானம் போட்டிருந்தார்கள்: இனி ஊர்ச் சாவுக்கு அடிக்கப் போறதில்ல, செத்த மாடு தூக்கறதில்ல. தாத்தா போகவில்லை. அதன்பிறகு மூணு மாசம் எங்க ஆட்களுக்குக் களத்து வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, ஊர்க் கிணத்துப் பக்கம் போக வழி கிடையாது.

ஒருநாள் ராத்திரி அப்பா அந்தத் தப்பைத் தூக்கி அடுப்பில் வச்சார். வேப்பஞ்சட்டம் சீக்கிரத்தில் எரியல. தோல் கருகின நாத்தம் ரெண்டு நாள் வீட்டுக்குள்ள நின்னுச்சு. தாத்தா ஒரு வார்த்தை பேசல. திண்ணையில் உக்காந்து தொடையில் விரலால தட்டிக்கிட்டே இருந்தார். அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கு: "இந்த வீட்டுல இனிமே தோல் சத்தம் கேக்கக் கூடாது. ஆடணும்னா அய்யமாரு பிள்ளைக ஆடறத ஆடட்டும்."

இப்படித்தான் நான் பரதத்துக்கு வந்தேன். கலை தாகத்தால் வரவில்லை, தப்பிலிருந்து தப்பிக்க வந்தேன்.

பதினாலு வயசில் ஓர் அரசு இசைப்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிக்கொண்டு மூன்று வருசப் படிப்பு. அங்கே ஏழு பாடங்கள்: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம். தாத்தாவின் அடிக்கு அந்த ஏழிலும் இடமில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இடமில்லாததுதான் நிம்மதியாக இருந்தது.

அரைமண்டியில் உக்கார வச்சு, மரக்கட்டையில் தட்டுக்கழியால் தட்டி, முதல் தட்டடவு சொல்லிக் கொடுத்தார்கள். மத்த பிள்ளைகள் காலைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்குக் காலம் தானாக விழுந்தது. "தாளம் ரத்தத்துல இருக்கு, எந்த வம்சம்?" என்று டீச்சர் சந்தோசமாகக் கேட்டார். சொன்னேன். அதுக்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை, என் தாளத்தைப் பாராட்டவும் இல்லை.

வேலைக்குப் போன இடங்களில் சாதியை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். "குரு யாரு?" என்பார்கள். அரங்கேற்றம் எந்த சபாவில், யார் நட்டுவாங்கம், யார் தலைமை? பட்டுப்புடவை, கோயில் நகை, பாட்டு, மிருதங்கம், வயலின், மண்டபம் என்று லட்சங்களைக் கொட்டி நடத்துகிற அந்தச் சடங்கு விடுதிப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அரசு கொடுத்த சான்றிதழைக் காட்டினால், "அது சரிம்மா, பரம்பரை?" என்றார் ஒரு தனியார் பள்ளித் தாளாளர். நடன உலகத்தில் "குரு யாரு" என்பது "என்ன ஆளுக" என்பதன் மரியாதையான வடிவம். நான் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர்களிடம் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பரம்பரைக் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம் தோழர்களே.

இன்றைக்குப் "பரதநாட்டியம்" என்று சொல்லப்படுவது தேவதாசிப் பெண்கள் ஆடிய சதிர். அதைக் கற்பித்தவர்கள் நட்டுவனார்கள். அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று மேடையில் போகிற வரிசையை ஒழுங்கு செய்தவர்கள் என்று சொல்லப்படும் தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் அந்த மரபினர். 1930களில் பெயர் மாறியது. 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் மேடை ஏறினார். 1936இல் கலாக்ஷேத்ரா உருவானது. மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள். நட்டுவனார்கள் அந்த நிறுவனத்துக்கு வந்தார்கள், கற்பித்தார்கள், விலகினார்கள். பிறகு அங்கே பயின்றவர்களே ஆசிரியர்களாக ஆனார்கள். ஆசிரியர்களை உருவாக்குகிற இடமும் கை மாறியது. 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தபோது, ஆடியவள் வீட்டுக்குள் முடங்கினாள். ஆட்டம் மட்டும் "தூய்மை"யாகி மேடையில் நின்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது சரி. முத்துலட்சுமி ரெட்டியும், அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நடத்திய போராட்டம் நம்முடைய போராட்டம்தான். ராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை' நாவலும் இதே 1936இல்தான் வந்தது. கொடுமையை ஒழித்தது குற்றமல்ல. கொடுமையை அனுபவித்தவளுக்கு ஆசிரியர் நாற்காலி கிடைக்காமல் போனதே, அதுதான் களவு.

அதோடு இன்னொன்று. அந்தப் பழைய சதிரிலும் நமக்கு இடமில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் ஆட்கள் காலெடுத்து வைத்ததே 1939இல்தான். கோயில் மண்டபத்தில் ஆடியதை எங்க அம்மாச்சி எந்தக் கண்ணால் பார்த்திருக்கும்? எனவே "பழைய பொற்காலம்" என்று அழுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை. நடன ஆசிரியர் பயிற்சியில் நாட்டிய சாஸ்திரத்தின் தோற்றக் கதையை நான் நடத்தியாக வேண்டும். வேதத்தைக் கேட்க உரிமையில்லாத சூத்திரரும் உள்ளிட்ட எல்லா வர்ணத்துக்குமாக பிரம்மா ஐந்தாவது வேதமாக நாட்டியத்தைப் படைத்தார் என்பது கதை. "எவ்வளவு சமத்துவம் பாருங்கள்" என்று வகுப்பில் யாராவது உருகுவார்கள். நான் கேட்பேன்: வர்ணத்துக்கே வெளியில் நிற்கிறவளுக்கு எத்தனையாவது வேதம்? பதில் வராது. தேர்வில் இந்தக் கேள்வி வராது என்பதால் யாரும் குறிப்பெடுக்கவும் மாட்டார்கள்.

வெளியே நிற்கிறவர்கள் இல்லாமல் உள்ளே ஆட்டமும் கிடையாது. என் காலுக்குத் தாளம் தரும் மிருதங்கத்தின் தோல் மாட்டுத்தோல். அதை மூட்டுகிற குடும்பங்களில் பல தலித் கிறித்தவக் குடும்பங்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' 2020இல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் உள்ளே வரலாம். தோல் உரித்தவன் கதை வரக்கூடாது.

இனி இரண்டாவது களவுக்கு வருகிறேன். இதில் நானும் கூட்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆசிரியர்களுக்கான ஐந்து நாள் நடனப் பயிற்சி ஒன்று. நாற்பது பேர். காலையில் நான் அடவு. பிற்பகலில் பறையாட்டம். பேனரில் "முதன்மைப் பயிற்றுநர்" என்று போட்டிருந்தவர் நகரத்திலிருந்து வந்த இளைஞர். நல்ல பையன், ஆர்வமுள்ளவன், நெஞ்சில் பறைப் படம் போட்ட பனியன். அவருக்குப் பின்னால் பஸ்ஸிலிருந்து ஐந்து தப்பைத் தோளில் சுமந்து இறங்கியவரைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. எங்க பக்கத்து ஊர்ப் பெரியவர். எங்க தாத்தாவோடு ஜோடி போட்டு அடித்தவர். அந்தப் பையனுக்குக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான்.

பெரியவர் மைதானத்தின் ஓரத்தில் வைக்கோல் போட்டுத் தீ மூட்டித் தோலைக் காய்ச்சினார். ஒவ்வொரு தப்பாகக் காதுகிட்ட வச்சுத் தட்டிப் பார்த்தார். சிம்புக்குச்சியை இடது கையிலும் அடிக்குச்சியை வலது கையிலும் எப்படிப் பிடிக்கணும் என்று ஒவ்வொரு டீச்சர் விரலையும் திருத்தினார். ஒலிபெருக்கி மட்டும் பையன் கையில். "இது ஆதித் தமிழரின் போர் இசை. இதற்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை" என்று அவன் சொன்னதும் பலத்த கைதட்டல். ஒரு டீச்சர், "இந்த அடி எப்போ அடிப்பாங்க சார்?" என்று கேட்டார். "இது மங்கல அடிங்க, விழாவுக்கு அடிப்பாங்க" என்றான். பெரியவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "மாரடிப்பு அடி தாயி. எழவு வீட்ல பொம்பளைக மாருல அடிச்சு அழுகுறப்ப அடிக்கிறது."

"நீங்க சொல்லலாம்ல பெரியப்பா?" என்றேன்.

"படிச்ச புள்ளைக கூடியிருக்கிற எடத்துல நான் என்னத்தச் சொல்ல?"

நானும் சொல்லவில்லை.

கடைசி நாள் செலவுச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். பையனுக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபாய். பெரியவர் பெயர் "உதவியாள்" என்ற தலைப்பின்கீழ் 500 ரூபாய். மேடையில் அவருக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். நாற்பது ஆசிரியர்களுக்கும் பறையாட்டம் கற்பிக்கத் தகுதி பெற்றதாகச் சான்றிதழ். அறுபது வருசம் அடித்தவருக்குச் சான்றிதழ் இல்லை. ஐந்து நாள் அடித்தவர்களுக்கு உண்டு. நாற்பது சான்றிதழிலும் பயிற்சியாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

அந்த நாற்பது பள்ளிகளிலும் இப்போது ஆண்டு விழாவில் எழவு அடிக்குப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்களோ என்னவோ.

தோழர்கள் கேட்பீர்கள்: பறைக்கு மரியாதை வந்துவிட்டதே, அது நல்லதுதானே? வந்திருக்கிறது, மறுக்கவில்லை. அந்த மரியாதை வானத்திலிருந்து விழவில்லை. 90களில் தலித் கலை விழாக்களில், தெருமுனைகளில், ஊர்வலங்களில் நாம் அடித்து வாங்கினது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் தப்பைக் கையிலெடுத்தபோது, "பொம்பள தோலைத் தொடலாமா" என்று நம்ம ஆம்பளைகளே கேட்டார்கள். அதையும் தாண்டி வாங்கினது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்று எங்க தெருவில் எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் பத்மஸ்ரீ ஓர் ஆளுக்கு. ஆசிரியர் வேலை எத்தனை ஆளுக்கு? 2022இல் தொடங்கிய அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவில் பிள்ளைகள் பறை அடிக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் அரசு நாட்டுப்புறக் கலைகளுக்குப் பகுதிநேர வகுப்பு நடத்துகிறது. நல்லது. பரதத்துக்கு முழுநேரம், பறைக்குப் பகுதிநேரம் என்கிற கணக்கு மட்டும் மாறவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும். அது நம் பக்கத்துக் கேள்வி, நியாயமான கேள்வி: "அப்ப பறையைப் பறை அடிச்சவன் மகன்தான் சொல்லிக் கொடுக்கணுமா? அது குலத்தொழில் ஆகாதா? 1953இல் ராஜாஜி அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்றபோது எதிர்த்து, 54இல் அதை ஒழித்தவர்கள் இப்போது அதையே கேட்பதா?"

இல்லை. அம்பேத்கர் அதே 1936இல், லாகூரில் பேச விடாததால் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் சொன்னதை நான் மறக்கவில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது. எங்கப்பா தப்பை எரித்தது சரி. பிறப்பால் ஒருத்தன் அடித்தே தீர வேண்டும் என்பதும், பிறப்பால் ஒருத்தன் தொடவே கூடாது என்பதும் ஒரே சாதியம்தான். யாரும் கற்கலாம். அந்த நகரத்துப் பையனும் கற்கலாம், கற்கணும்.

நான் கேட்பது வேறு. இழிவாக இருந்த காலத்தில் "நீதான் அடிக்கணும்" என்று கட்டாயப்படுத்தப்பட்டவனை, சம்பளமும் மேடையும் வந்த காலத்தில் "உனக்குத் தகுதி இல்லை" என்று வெளியே தள்ளுவது என்ன நியாயம்? இழிவுக்கு எங்க பிறப்பு தகுதி, சம்பளத்துக்கு மட்டும் சான்றிதழ் தகுதியா? சதிரில் நடந்தது இதுதான். பறையில் நடக்கத் தொடங்கியிருப்பதும் இதுதான். முதலில் பெயர் மாறும், பிறகு "தூய்மை" வரும், பிறகு பாடத்திட்டம், பிறகு சான்றிதழ். கடைசியில் கற்றுக் கொடுத்தவர் வைக்கோல் மூட்டுகிற உதவியாள் ஆகிவிடுவார். எழவு அடி மங்கல அடியாவதில் தொடங்குகிறது இந்தத் தூய்மை.

எனவே நடன ஆசிரியர் பயிற்சிக்குள் நின்றுகொண்டு நான் கேட்பவை இவை.

ஒன்று. பறையாட்டம் கற்பிக்கும் எந்தப் பயிற்சியிலும் அடித்து வாழ்ந்தவர்களே, பறையரானாலும் அருந்ததியரானாலும், முதன்மைப் பயிற்றுநர்கள். படிப்புத் தகுதி அவர்களுக்குத் தடையாகக் கூடாது. 1930களில் பந்தநல்லூரிலிருந்து அடையாறுக்கு வந்த நட்டுவனாரிடம் யாரும் பட்டம் கேட்கவில்லை. அப்போது தேவைப்படாதது இப்போது மட்டும் ஏன்?

இரண்டு. ஒரே மேடை, ஒரே பேனர், ஒரே சம்பளம். துண்டு போர்த்துவது சம்பளம் ஆகாது.

மூன்று. அடியோடு வரலாறும் பாடம். ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி ஒவ்வொன்றும் எங்கே, யாருக்காக, எந்தக் கட்டாயத்தில் அடிக்கப்பட்டது என்று தெரியாமல் ஒருவருக்கும் சான்றிதழ் கூடாது. "அடிக்க மாட்டோம்" என்று நம் ஆட்கள் தப்பைக் கீழே வைத்ததும் பாடத்தில் வேண்டும். ஒரு கலையின் வரலாற்றில் அதை மறுத்தவர்களும் ஆசிரியர்கள்தான்.

நான்கு. பகுதிநேரம் போதாது. இசைப்பள்ளிகளிலும் இசைக் கல்லூரிகளிலும் முழுநேரப் பாடம், முழுநேரப் பணியிடம்.

ஐந்து. பரதத்தையும் நாம் விட மாட்டோம். நம்ம பிள்ளைகள் அதையும் கற்கணும், கற்பிக்கணும். என் காலில் விழுந்த தாளத்துக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

இது ஊருக்கும் அரசுக்கும். நமக்கும் ஒன்று இருக்கு. நம்ம வீடுகளில் தப்பு தெரிந்த தாத்தாக்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். பேரன்களுக்குக் கூச்சம், பேத்திகளுக்கு அனுமதி இல்லை. ஊர்வலத்துக்கு மட்டும் தப்பு வேணும், பொம்பளப் பிள்ளை தொட்டா "குடும்பப் பேர் கெட்டுப் போகும்" என்றால், அந்தப் பேச்சுக்கும் பார்ப்பனியத்துக்கும் என்ன வித்தியாசம்? மன்றத்தில் தீர்மானம் போட்ட அண்ணன்மார்களே, உங்க வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

நான் தொடங்கிவிட்டேன். பெரியவர் வீட்டுக்குப் போய், அன்றைக்குப் பேசாமல் இருந்ததுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கு கழுத" என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்க தெருச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடக்கிறது. ஒன்பது பெண் பிள்ளைகள், நாலு பையன்கள், ஒரு பள்ளியில் நடனம் கற்பிக்கிற ரெண்டு டீச்சர்கள். பெரியவர்தான் ஆசிரியர். நான் மாணவி. என் கையில் இருபது வருச முத்திரை இருக்கு, சிம்புக்குச்சி இன்னும் நிக்கல. முதல் வகுப்பில் அவர் மாரடிப்பு அடியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எந்தச் சாவுக்கு, எந்த வெயிலில், எத்தனை மணி நேரம் அடித்தார் என்று சொன்னார். பிள்ளைகள் யாரும் சிரிக்கல. எங்கப்பா வாசல்வரை வந்து நின்னு கேட்டுட்டு, உள்ளே வராமல் போனார். அவரை நான் கூப்பிடல. அது அவர் உரிமை.

இனி ஆசிரியர் பயிற்சிகளில் பெரியவரின் பெயர் மேலே இல்லாத சான்றிதழில் என் கையெழுத்து இருக்காது. மாணவத் தோழர்களே, உங்க கல்லூரி விழாவுக்குப் பறை சொல்லிக் கொடுக்க ஆள் கூப்பிடும்போது ரெண்டு கேள்வி கேளுங்கள்: இவருக்குக் கற்றுக் கொடுத்தது யார்? அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? பதில் வராவிட்டால், விழாவை நிறுத்துங்கள்.